இரும்பின் ஐசோடோப்புகள்: வெளியான அணுக்கருத் தரவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

இரும்பு-60 என்ற ஐசோடோப்பின் அரை ஆயுள் எவ்வளவு? 2003-இல் வெளியான நியூபேஸ் அட்டவணையைத் திறந்தால் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று இருக்கும். இன்றைய அட்டவணைகளில் 26.2 லட்சம் ஆண்டு. இரண்டிலும் அச்சுப்பிழை இல்லை. இரண்டையும் தொகுத்தவர்கள் துறையில் நல்ல பெயர் பெற்றவர்கள். ஆனால் 50 லட்சம் ஆண்டு பழைய ஒரு கடலடிப் படிவத்தை எடுத்துக்கொண்டு, முதலில் படிந்த இரும்பு-60-இல் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டால், 2003-இன் பின்னணியில் இருந்த 14.9 லட்சத்தை வைத்து சுமார் 10 விழுக்காடும், 26.2 லட்சத்தை வைத்து சுமார் 27 விழுக்காடும் வரும். எங்கோ வெடித்த ஒரு விண்மீன் பூமிக்கு எவ்வளவு இரும்பை அனுப்பியது என்ற விடை, எந்த அட்டவணையைத் திறந்தோம் என்பதைப் பொறுத்து இரண்டரை மடங்குக்கு மேல் மாறிவிடும்.

காமா நிறமாலைகளைப் படித்து, எந்த ஐசோடோப்பு எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுவது என் வேலை. அந்தக் கணக்கின் ஒவ்வொரு வரியிலும் யாரோ எப்போதோ அளந்த ஓர் எண் இருக்கிறது. அதனால் எங்களோடு புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது கருவியை அல்ல, தரவை ஒப்பிடும் வேலையைத்தான். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உலோகம் இரும்பு. நிலையான ஐசோடோப்பு நான்கு, ஆய்வகத்தில் அன்றாடம் வரும் கதிரியக்க ஐசோடோப்பு இரண்டு, நீண்ட ஆயுள் கொண்ட ஒன்று என்று எல்லா வகையும் அதில் இருக்கின்றன. முறை புரிந்துவிட்டால் நிக்கலுக்கோ வெள்ளீயத்துக்கோ அப்படியே பொருந்தும்.

எத்தனை அட்டவணைகள் ஒரே எண்ணைச் சொல்கின்றன என்று பார்க்காதீர்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை அளவீடுகள் இருக்கின்றன என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் அதைச் செய்யும் வழிதான்.

எந்த எண் எங்கிருந்து வருகிறது

வெளியான அணுக்கருத் தரவு மூன்று அடுக்காக இருக்கிறது. அடியில் இருப்பது அளவீடு: ஓர் ஆய்வுக்குழு ஒரு மாதிரியை எடுத்து அளந்து, கட்டுரையாக வெளியிடுகிறது. அதற்கு மேலே மதிப்பீடு: அனுபவமுள்ள ஒருவரோ சிலரோ அத்தனை கட்டுரைகளையும் படித்து, இந்த அளவுக்கு இந்த எண்ணைப் பரிந்துரைக்கிறோம் என்று சொல்கிறார்கள். அதற்கும் மேலே தொகுப்பு: மதிப்பீட்டில் வந்த எண்ணை எடுத்து வண்ணப் படமாகவோ, கைபேசிச் செயலியாகவோ, பாடநூல் பின்னிணைப்பாகவோ போடுகிறார்கள்.

அணுக்கருக் கட்டமைப்புக்கும் சிதைவுக்கும் பெரிய மதிப்பீட்டுக் கோப்பு ஈஎன்எஸ்டிஎஃப். அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் உள்ள தேசிய அணுக்கருத் தரவு மையம் அதைப் பராமரிக்கிறது. அதே மையத்தின் நியூடாட் தளமும், வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் லைவ்சார்ட் படமும் சிதைவுத் தரவை அந்தக் கோப்பிலிருந்தே எடுக்கின்றன. ஆகவே மூன்று இடத்திலும் ஒரே எண் வந்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை. ஒரே சாட்சி சொன்னதை மூன்று பேர் வாயால் கேட்பது மாதிரிதான் அது.

அதிலிருந்து விலகி நிற்கும் மதிப்பீடுகளும் உண்டு. அணு நிறைகளுக்கு ஏஎம்இ என்ற தொடர் இருக்கிறது. அதன் துணையாக வருவதுதான் நியூபேஸ். இரண்டுக்கும் அண்மைப் பதிப்பு 2020 என்ற பெயரில் 2021-இல் வெளியானது. கதிரியக்க அளவியலில் இருப்பவர்களுக்கு டிடிஈபி என்ற திட்டம் இருக்கிறது. பிரான்சின் ஹென்றி பெக்கரல் தேசிய ஆய்வகம் அதன் அட்டவணைகளை வெளியிடுகிறது. அதில் எல்லா ஐசோடோப்பும் இருக்காது. இருப்பவற்றுக்கோ மதிப்பீட்டாளர் எந்த அளவீட்டைச் சேர்த்தார், எதை விட்டார், ஏன் விட்டார் என்று விரிவாக எழுதியிருப்பார். அந்த விளக்கக் குறிப்புகளைப் படிப்பதைவிட நல்ல பயிற்சி இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

பலர் கவனிக்காத ஒன்று: ஈஎன்எஸ்டிஎஃப் மதிப்பீடு தனிமம் வாரியாக நடப்பதில்லை, நிறை எண் வாரியாக நடக்கிறது. நிறை எண் 60 கொண்ட எல்லா அணுக்கருக்களையும் (இரும்பு, கோபால்ட், நிக்கல், இன்னும் பல) ஒரே தொகுப்பாக மதிப்பிடுவார்கள். 55-ஐ வேறு ஆட்கள் வேறு ஆண்டில் செய்திருப்பார்கள். ஆகவே இரும்பு ஐசோடோப்புகள் என்று ஒரு பக்கத்தில் வரிசையாக நீங்கள் பார்ப்பது ஒரே நாளில் எழுதப்பட்டதல்ல. நிறை எண் 60-க்கான மதிப்பீடு நியூக்ளியர் டேட்டா ஷீட்ஸ் இதழில் 2013-இல் வந்தது. 2015-இல் வெளியான ஓர் அளவீட்டை அதில் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மதிப்பீட்டு ஆண்டு என்று ஒரு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். பழைய எண், புதிய எண் என்ற குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் மூலத்தைத் தேடுங்கள். ஈஎன்எஸ்டிஎஃப் கோப்பில் எண்களுக்கு அருகே சிறு குறியீடுகள் வரும்: நான்கு இலக்க ஆண்டு, முதல் ஆசிரியர் பெயரின் முதல் இரண்டு எழுத்து, பிறகு இரண்டு வரிசைக் குறிகள். அந்தக் கடைசி இரண்டும் இலக்கமாக இருந்தால் முறையாக வெளியான இதழ்க் கட்டுரை. எழுத்தாக இருந்தால் பெரும்பாலும் மாநாட்டு அறிக்கை, ஆய்வக அறிக்கை போன்றவை. என்எஸ்ஆர் என்ற நூற்பட்டியலில் அந்தக் குறியீட்டைப் போட்டால் கட்டுரையின் விவரம் வந்துவிடும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் போதும், ஒப்பிடும் வேலையில் பாதி முடிந்தது.

ஒரே பெயர், வேறு அளவு

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் முன், அவை ஒரே அளவைத்தான் குறிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடிக்கடி தடுக்கும் இடங்கள் இவை.

அரை ஆயுளும் சராசரி ஆயுளும். வானியற்பியல் கட்டுரைகள் சராசரி ஆயுளைக் கொடுப்பது வழக்கம். அது அரை ஆயுளைப் போல 1.4427 மடங்கு. இரும்பு-60-க்கு எங்காவது 37.8 லட்சம் ஆண்டு என்று கண்டால் பதற வேண்டாம், 26.2 லட்சத்தின் சராசரி ஆயுள் வடிவம் அது. இரும்பு-57-இன் 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் மட்டத்துக்கும் இதே கதை. மாஸ்பவர் நிறமாலையில் பயன்படும் அந்த மட்டத்துக்கு ஒரு நூலில் சுமார் 98 நானோ நொடி என்றும், இன்னொன்றில் சுமார் 142 என்றும் இருக்கும். இரண்டும் சரி.

பிழை எழுதும் முறை. 44.495(9) என்றால் கடைசி இலக்கத்தில் 9, அதாவது 0.009. ஈஎன்எஸ்டிஎஃப் கோப்பில் அடைப்புக்குறிகூட இருக்காது, எண்ணை அடுத்து ஓர் இடைவெளி விட்டு 9 என்று மட்டும் நிற்கும். மதிப்பீடுகளில் அது பொதுவாக ஒரு சிக்மா (ஒரு திட்ட விலக்கம்). அளவுத்திருத்தச் சான்றிதழ்களிலோ பெரும்பாலும் இரண்டு சிக்மா, அதாவது விரிவுபடுத்திய பிழை. சான்றிதழில் பார்த்ததை மதிப்பீட்டோடு ஒப்பிடுவதற்கு முன் அதைப் பாதியாக்க வேண்டும்.

ஆண்டு என்பது எத்தனை நாள்? நியூபேஸ் 365.2422 என்று வைத்துக்கொள்கிறது. வானியலில் 365.25 வழக்கம். இரும்பு-60-க்கு இது பொருட்டே அல்ல. ஆனால் துல்லியமாக அளந்த அரை ஆயுள்களை நாளிலிருந்து ஆண்டுக்கும், ஆண்டிலிருந்து நாளுக்கும் மாற்றும்போது கடைசி இலக்கம் நகரும். கட்டுரை நாளில் கொடுத்திருந்தால் நாளிலேயே ஒப்பிடுங்கள்.

நியூபேஸில் எண்ணுக்குப் பின்னால் # குறி இருந்தால் அது அளக்கப்பட்டதே அல்ல, அண்டை அணுக்கருக்களின் போக்கைப் பார்த்து ஊகித்தது. நிலையான இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும் இரும்பு ஐசோடோப்புகளுக்கு இந்தக் குறி நிறைய வரும். அதை ஒரு அளவீட்டோடு ஒப்பிட்டு, பொருந்துகிறது என்றோ பொருந்தவில்லை என்றோ சொல்வதற்கு இடமில்லை. 'இதைவிடப் பெரியது' என்ற > குறியிலும் கவனம் தேவை. நிலையானது என்று எழுதி அதற்குப் பக்கத்தில் இத்தனை ஆண்டுக்கு மேல் என்று போட்டிருந்தால், அந்த எண் ஒரு கீழ்வரம்பு மட்டுமே. இரும்பு-54 அப்படிப்பட்டது. ஆற்றல் கணக்குப்படி அது இரண்டு எலக்ட்ரான்களை ஒரே நேரத்தில் கவர்ந்து குரோமியம்-54 ஆக முடியும், சுமார் 680 கிலோ எலக்ட்ரான் வோல்ட் மிச்சம் இருக்கிறது. அந்தச் சிதைவை யாரும் இதுவரை பார்க்கவில்லை.

கிளர்நிலை ஐசோமர்கள் (அதே அணுக்கரு கூடுதல் ஆற்றலோடு சற்று நேரம் நிற்கும் நிலைகள்) தனி வரியில் வரும். இரும்பு-53-இன் அடிநிலைக்கு அரை ஆயுள் 8.51 நிமிடம், அதன் ஐசோமருக்கு 2.54 நிமிடம். கோப்பை எக்செலில் கொட்டும்போது ஐசோமர் குறி உதிர்ந்துபோய் இரண்டு இரும்பு-53 வரிகள் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காமா கதிர்களின் செறிவிலும் இரண்டு வகை. இரும்பு-59-க்கு 1099 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடு நூறு சிதைவுக்கு சுமார் 56.5, 1292 கோடு சுமார் 43.2. சில கட்டுரைகள் வலிமையான கோட்டை 100 என்று வைத்து மற்றதை 76.5 என்று எழுதும். அது சார்புச் செறிவு. விகிதம் ஒன்றுதான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் செயல்பாட்டுக் கணக்கு (நொடிக்கு எத்தனை சிதைவு என்ற கணக்கு) தலைகீழாகும்.

இரும்பு-60: ஒரு முழு ஒப்பீடு

இனி ஓர் எண்ணை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். இரும்பு-60-இன் அரை ஆயுளை அது தேய்வதைப் பார்த்து அளக்க முடியாது. ஓராண்டில் ஒரு கோடி அணுவில் இரண்டு மூன்றுதான் சிதையும். ஆகவே இரண்டை தனித்தனியாக அளக்க வேண்டும்: மாதிரியில் எத்தனை இரும்பு-60 அணுக்கள் இருக்கின்றன, நொடிக்கு எத்தனை சிதைகின்றன. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சிதைவு மாறிலி, அதிலிருந்து அரை ஆயுள். இந்த இரண்டில் எது பிசகினாலும் விடை பிசகும். அதனால் ஒவ்வொரு கட்டுரையையும் படிக்கும்போது, அணுக்களை எப்படி எண்ணினார்கள், சிதைவை எப்படி எண்ணினார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

வெளியான அளவீடுகளை வரிசைப்படுத்தினால் இப்படி வரும், எல்லாம் லட்சம் ஆண்டில்:

1957: சுமார் 3, மூன்று மடங்கு வரை கூடலாம் குறையலாம்
1984: 14.9 ± 2.7
2009: 26.2 ± 0.4
2015: 25.0 ± 1.2
2017: 27.2 ± 1.6

1957-இன் எண் ஓர் உத்தேசக் கணக்கு மாதிரிதான், சரித்திரத்துக்காக வைத்துக்கொள்ளலாம். 1984-இல் முடுக்கி நிறை நிறமாலைமானியைக் கொண்டு அணுக்களை எண்ணினார்கள். கால் நூற்றாண்டு காலம் உலகம் பயன்படுத்தியது இந்த எண்ணைத்தான். 1999-இல் பசிபிக் கடலடிப் படிவத்தில் இரும்பு-60 கண்டுபிடிக்கப்பட்டபோதும் கணக்குகள் இதை வைத்தே நடந்தன. 2009-இன் மாதிரி சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வகத்தில் புரோட்டான் கற்றையைத் தாங்கி நிறுத்திய செம்புக் கட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அணுக்களை பிளாஸ்மா நிறை நிறமாலைமானியால் எண்ணினார்கள். சுத்தப்படுத்திய மாதிரியில் மகள் அணுவான கோபால்ட்-60 மெல்ல வளர்வதை அதன் 1173, 1332 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடுகளில் பார்த்து, சிதைவை அளந்தார்கள். 2015-இன் குழு வேறு வழி எடுத்தது: இரும்பு-60-ஐ அதே தனிமத்தின் இன்னொரு ஐசோடோப்பான இரும்பு-55-ஓடு சேர்த்து முடுக்கியில் ஒப்பிட்டது. 2017-இல் சிதைவை கோபால்ட்-60-இன் பத்து நிமிட ஐசோமர் வழியாகப் பார்த்தார்கள். அது கோபால்ட்-60 சேரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லாத வழி.

சரி, எண்ணுக்கு வருவோம். 1984-ஐயும் 2009-ஐயும் முதலில் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 11.3. இரண்டு பிழைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2.73. வகுத்தால் 4.1 சிக்மா. தற்செயலாக இவ்வளவு விலக வாய்ப்பு மிகக் குறைவு. 2009-க்கும் 2015-க்கும் அதையே செய்தால் 0.95 சிக்மா. இவை பொருந்துகின்றன.

இப்போது சராசரி. 1957 நீங்கலாக மற்ற நான்கையும் வெறுமனே கூட்டி வகுத்தால் 23.3 வரும். எந்தக் குழுவும் அப்படி ஓர் எண்ணை அளக்கவில்லை. அளவீடுகளின் தரம் வெவ்வேறாக இருக்கும்போது இந்தச் சராசரிக்குப் பொருளே கிடையாது. எடையிட்ட சராசரி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எடை, அதன் பிழையின் வர்க்கத்தின் தலைகீழ்: 1984-க்கு 0.137, 2009-க்கு 6.25, 2015-க்கு 0.694, 2017-க்கு 0.391. நான்கும் சேர்ந்தால் 25.93 ± 0.37. 1984-ஐ விட்டால் 26.14 ± 0.37.

இரண்டும் அருகருகே இருப்பதால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும். அங்கே நிற்காதீர்கள். ஒவ்வொரு அளவீடும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை அதன் பிழையால் வகுத்து, வர்க்கப்படுத்தி, எல்லாவற்றையும் கூட்டி, அளவீடுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுங்கள். கை (χ என்ற கிரேக்க எழுத்து) வர்க்கச் சோதனை என்று சொல்வது இதைத்தான். விடை 1-ஐ ஒட்டி இருந்தால் தரவுகள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன. நான்கையும் சேர்த்தால் இங்கே 6.1 வருகிறது. அதில் ஏறக்குறைய முழுப்பங்கும் 1984-இன் ஒரே எண்ணால் வருவது. அதை விட்டால் 0.68. நான்கையும் வைத்துக்கொண்டே தீரவேண்டும் என்றால், பிழையை 6.1-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி 0.37-ஐ 0.9 ஆக்குவது ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. அதாவது, இந்தத் தரவு சண்டை போடுகிறது என்பதைப் பிழையிலேயே காட்டிவிடுவது.

நான் 1984-ஐ விடுகிறேன். மற்றவற்றோடு ஒட்டவில்லை என்பது மட்டும் அதற்குக் காரணம் ஆகாது. அப்படி விட்டுக்கொண்டே போனால் எந்தத் தரவையும் நமக்குப் பிடித்த மாதிரி அழகாக்கிவிடலாம். அணுக்களையும் சிதைவுகளையும் வெவ்வேறு வழியில் எண்ணிய மூன்று பிந்தைய அளவீடுகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன என்பதுதான் காரணம். 2015-இன் கட்டுரையும் பழைய எண்ணைத் தங்கள் முடிவு நிராகரிக்கிறது என்றே தெளிவாகச் சொல்கிறது.

இன்னொரு சோதனையையும் கட்டாயம் செய்யுங்கள். 26.14 என்ற சராசரியில் 2009-இன் பங்கு எவ்வளவு? மொத்த எடை 7.335, அதில் 6.25 அதனுடையது. அதாவது 85 விழுக்காடு. மூன்று அளவீட்டின் சராசரி என்று சொல்லிக்கொண்டாலும் பெரும்பாலும் அது ஒரே அளவீடுதான். ஆகவே 2009-ஐ எடுத்துவிட்டு, 2015-ஐயும் 2017-ஐயும் மட்டும் வைத்துச் சராசரி போடுங்கள்: 25.8 ± 1.0. பிழை பெரிதாகிறது, ஆனால் எண் அதே இடத்தில் நிற்கிறது. இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த அரை ஆயுள் மேல் நம்பிக்கை வந்தது. 26.2 என்று எத்தனை அட்டவணைகள் சொன்னாலும் அந்த நம்பிக்கை வந்திருக்காது, ஏனென்றால் அவையெல்லாம் 2009-இன் கட்டுரையையே திரும்பச் சொல்கின்றன.

ஒரு பொறி பாக்கி. 2015-இன் கட்டுரையில் தங்கள் அளவீட்டையும் 2009-ஐயும் சேர்த்து 26.0 ± 0.5 என்று ஒரு சராசரியும் கொடுத்திருக்கிறார்கள். பட்டியல் தயாரிக்கும் ஆர்வத்தில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், ஒரே அளவீட்டை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படிக்கிறவர்கள் இதில் விழ வாய்ப்பு அதிகம்.

எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் எண்

2015-இன் முறையில் இரும்பு-55 அளவுகோலாக நிற்கிறது என்று சொன்னேன். அதன் அரை ஆயுளை அவர்கள் 2.744 ஆண்டு என்று எடுத்துக்கொண்டார்கள். டிடிஈபி அட்டவணையில் அது 2.747. பின்னர் வந்த துல்லியமான அளவீட்டைப் பின்பற்றும் அட்டவணைகளில் 2.756. அப்படியானால் இரும்பு-60-இன் எண்ணும் நகர வேண்டாமா?

நகரும். இரும்பு-55-இன் அணுக்களை அதன் செயல்பாட்டிலிருந்து கணக்கிடும்போது அரை ஆயுள் நேர்விகிதத்தில் வருகிறது. அந்த அணுக்களோடு ஒப்பிட்டுத்தான் இரும்பு-60 எண்ணப்படுகிறது. ஆகவே இரும்பு-55-இன் அரை ஆயுள் 0.44 விழுக்காடு கூடினால் இரும்பு-60-இன் அரை ஆயுளும் ஏறத்தாழ அதே அளவு கூடும்: 25.0 என்பது 25.1 ஆகும். பிழை 1.2 இருக்கும்போது இது ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றுமில்லை என்று கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். நாளைக்கு யாராவது இதே முறையில் பிழையை 0.1-க்குக் குறைத்தால் இந்தத் திருத்தம் கண்முன் வந்து நிற்கும். கோபால்ட்-60-இன் 5.27 ஆண்டும் இப்படித்தான் 2009-இன் எண்ணுக்குள் இருக்கிறது. ஒரே உள்ளீட்டை இரண்டு கட்டுரைகள் பயன்படுத்தியிருந்தால் அவை முழுக்கத் தனித்தனி அல்ல. மாதிரி ஒரே இடத்திலிருந்து வந்திருந்தாலும் அப்படியே. உங்கள் அட்டவணையில் உள்ளீடு, மாதிரியின் மூலம் என்று இரண்டு பத்திகள் இருக்கட்டும்.

நிறையும் பரவலும்: தனக்குத்தானே சரிபார்க்கும் தரவு

நிலையான ஐசோடோப்புகளுக்கு ஒரு வசதி உண்டு. தரவை அதைக்கொண்டே சோதிக்கலாம். இயற்கை இரும்பில் அணு எண்ணிக்கைப்படி இரும்பு-54 5.845 விழுக்காடு, 56 91.754, 57 2.119, 58 0.282. கூட்டினால் 100.000. அணு நிறைகள் முறையே 53.939609, 55.934936, 56.935393, 57.933274. பெருக்கிக் கூட்டினால் 55.8451 வருகிறது. வெளியான அணு எடை 55.845(2). பொருந்துகிறது. நீங்கள் எங்கிருந்தோ எடுத்த பரவல் அட்டவணை இந்தச் சோதனையில் தேறவில்லை என்றால், அது நிறை விழுக்காட்டில் இருக்கக்கூடும், அல்லது செறிவூட்டப்பட்ட மாதிரியின் பகுப்பாய்வாக இருக்கக்கூடும்.

நிறையில் ஒரே எச்சரிக்கை: ஏஎம்இ கொடுப்பது அணுவின் நிறை, அணுக்கருவின் நிறை அல்ல. இரும்புக்கு 26 எலக்ட்ரான்கள் என்றால் வித்தியாசம் 0.01426 அணு நிறை அலகு, அதாவது 13 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல்.

இரும்பு-56-தான் மிக இறுக்கமாகப் பிணைந்த அணுக்கரு என்று பல இடங்களில் படிப்பீர்கள். ஒரு நியூக்ளியானுக்கான பிணைப்பாற்றலை வரிசைப்படுத்தினால் நிக்கல்-62 முதலில் வரும், 8.7945 மெகா எலக்ட்ரான் வோல்ட். அடுத்து இரும்பு-58, 8.792. மூன்றாவதுதான் இரும்பு-56, 8.790. ஆனால் நிறையை நியூக்ளியான் எண்ணிக்கையால் வகுத்தால் இரும்பு-56-தான் மிகக் குறைவு: 0.998838, நிக்கல்-62-க்கு 0.998844. புரோட்டான் நியூட்ரானைவிடச் சற்று இலேசு, இரும்பு-56-இல் புரோட்டானின் பங்கு சற்று அதிகம் என்பதால் இப்படி. இரண்டு கூற்றுகளும் இரண்டு வெவ்வேறு அளவுகளைப் பற்றியவை.

நியூட்ரான் வினைப்பரப்பு

ஒரு வினை நடக்கும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்வதுதான் வினைப்பரப்பு, அதன் அலகு பார்ன். இது தனி உலகம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒற்றை எண்ணை ஒப்பிடுவது பெரும்பாலும் போதாது. நியூட்ரானின் ஆற்றலைப் பொறுத்து மேடும் பள்ளமுமாக ஓடும் வளைவைத்தான் ஒப்பிட வேண்டும். இரும்பு-56-க்கு வெப்ப நியூட்ரானைக் கவரும் பரப்பு சுமார் 2.6 பார்ன் என்பது 0.0253 எலக்ட்ரான் வோல்ட் என்ற ஒரே ஆற்றலுக்கு உரியது. வானியற்பியலார் கொடுக்கும் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் சராசரியோடு அதை வைக்கக் கூடாது.

ஈஎன்டிஎஃப், ஜெஃப், ஜெண்டில் என்று அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பானிலிருந்து தனித்தனி நூலகங்கள் வருகின்றன. மூன்று வளைவும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே படிந்தால் மகிழ வேண்டாம். ஒரு நூலகம் இன்னொன்றின் மதிப்பீட்டை முழுதாக எடுத்துக்கொள்வது சகஜம். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் எம்எஃப் 1, எம்டி 451 என்ற பகுதியில் யார், எப்போது, எந்த அளவீட்டைக் கொண்டு, எந்தக் கணினி மாதிரியைக் கொண்டு செய்தார்கள் என்று உரைநடையாக எழுதியிருக்கும். வளைவை வரைவதற்கு முன் அதைப் படியுங்கள். பிறகு எக்ஸ்ஃபோர் தொகுப்பிலிருந்து சோதனைப் புள்ளிகளை இறக்கி அதே படத்தில் போடுங்கள். புள்ளிகள் இல்லாத ஆற்றல் பகுதியில் வளைவுகள் ஒத்துப்போவது மாதிரிகளின் ஒற்றுமையையே காட்டும்.

கட்டுரை இன்னும் நிற்கிறதா

கடைசியாக ஒரு சோதனை, இதற்கு இரும்பை விட்டு வெளியே போக வேண்டும். சமாரியம்-146 என்ற உலோக ஐசோடோப்பின் அரை ஆயுள் நெடுங்காலம் 10.3 கோடி ஆண்டு என்று இருந்தது. 2012-இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை அதை 6.8 கோடி என்றது. சூரியக் குடும்பத்தின் தொடக்கக் காலத்தைக் கணிக்கும் கடிகாரங்களில் ஒன்று இது, எனவே பலர் புதிய எண்ணுக்கு மாறினார்கள். 2023-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2024-இல் வந்த புதிய அளவீடு 9.2 கோடி என்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அச்சான அட்டவணைகள் தங்களைத் தாங்களே திருத்திக்கொள்ளாது. ஆகவே நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு கட்டுரையின் இதழ்ப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து, திருத்தமோ திரும்பப் பெற்ற அறிவிப்போ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒப்பீடு முடிந்ததும் எண்ணை மட்டும் எழுதி வைக்காதீர்கள். என் பதிவேட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: இரும்பு-60, அரை ஆயுள் 26.14 ± 0.37 லட்சம் ஆண்டு, ஒரு சிக்மா, எடையிட்ட சராசரி. சேர்த்தவை 2009, 2015, 2017. விட்டவை: 1957, வெறும் உத்தேசம், 1984, பிந்தைய மூன்றோடும் முரண். கை வர்க்கம் 0.68. 2009-இன் எடை 85 விழுக்காடு, அது இல்லாமல் 25.8 ± 1.0. 2015-க்கு உள்ளீடு இரும்பு-55, 2.744 ஆண்டு. பார்த்த தேதி, கோப்பின் பதிப்பு.